துஷின் போதுமே!

அன்புள்ள தம்பிக்கு,

டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' நாவலைப் படித்து முடித்துவிட்டாய் என்றறிந்து மிக்க மகிழ்ச்சி. டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் நானும் இரண்டு முறை படித்திருக்கிறேன். "பிடித்ததா இல்லையா என்றே சொல்லத் தெரியவில்லை அண்ணா" என்று எழுதியிருக்கிறாய். இரண்டும்தான் என்று தயங்காமல் சொல். எந்த இடம் பிடித்தது, எந்த இடம் பிடிக்கவில்லை, ஏன் என்று பக்கத்தைக் காட்டிச் சொல்லப் பழகு.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். 1805 ஷோன்கிராபர்ன் சண்டையில் வரும் பீரங்கிப்படை கேப்டன் துஷினை என்னால் மறக்கவே முடியாது. காவலுக்கு நின்ற காலாட்படை போய்விடுகிறது. பின்வாங்கச் சொல்லும் உத்தரவு வெகு தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. அந்தக் குள்ள மனிதர் மட்டும் சுட்டுக்கொண்டே இருக்கிறார். எதிரியின் பீரங்கிப் புகை, யாரோ சுங்கான் பிடித்து ஊதுவதாக அவருக்குத் தோன்றுகிறது. அன்று இரவு, "பீரங்கிகளை ஏன் விட்டுவிட்டு வந்தாய்?" என்று தளபதி கேட்கிறார். காவல்படை இல்லை என்று சொன்னால் வேறொரு அதிகாரி மாட்டிக்கொள்வாரே என்று துஷின் வாய் திறப்பதில்லை. இளவரசர் ஆந்திரேய்தான் அவருக்காகப் பேசுகிறார். செவாஸ்டோபோல் முற்றுகையில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்த டால்ஸ்டாயின் அனுபவம் இந்தப் பக்கங்களில் பேசுகிறது.

இனி குறை. சரித்திரத்தை நடத்துவது மாமனிதர்கள் அல்ல, எண்ணற்ற சாமானியர்கள் என்பது டால்ஸ்டாயின் வாதம். அதற்காக நெப்போலியனை வெறும் தற்பெருமைக்காரனாகச் சிறுமைப்படுத்துகிறார். ரஷ்யத் தளபதி குதூசவையோ எல்லாம் உணர்ந்த ஞானியாக உயர்த்துகிறார். அதுவும் ஒரு மாமனிதரை உண்டாக்குவதுதானே? போதாக்குறைக்கு, பாத்திரம் ஒன்றுகூட இல்லாத பன்னிரண்டு அத்தியாயச் சரித்திர விசாரத்தோடு நாவலை முடிக்கிறார். 1873 பதிப்பில் இத்தகைய பகுதிகளை அவரே கதையிலிருந்து பிரித்துப் பின்னிணைப்பாக வைத்தார். எனவே உனக்கு அங்கே சலிப்புத் தட்டியிருந்தால் அது உன் குற்றமில்லை.

அந்த அத்தியாயங்கள் நிரூபிக்கப் பாடுபடுவதைத் துஷின் ஏற்கெனவே நிரூபித்துவிட்டார். போரைப் பற்றிய எந்தச் சரித்திர நாவலைப் படித்தாலும் இதைக் கவனி: ஆசிரியர் மனிதரைக் காட்டுகிறாரா, தன் கொள்கைக்கு ஆள் பிடிக்கிறாரா? முன்னதை மனதாரப் பாராட்டு. பின்னதைக் கண்டால், எழுதியவர் டால்ஸ்டாயே ஆனாலும் சொல்லத் தயங்காதே.

அன்புடன்,
அண்ணன்