முன்னொட்டு மாறும்போது: தேவைக்கூற்றுகளை மொத்தமாகப் பெயர் மாற்றும் வழிகள்

ஒரு திட்டம் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளைத் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் கொடுத்து, அங்கிருந்து வரைபடத்துக்கும் சோதனை அறிக்கைக்கும் இணைப்பு வைப்பது பொறியியல் நடைமுறை; அந்த நிபந்தனை தேவைக்கூற்று எனவும், இணைப்பைப் பின்பற்றிச் செல்லும் வசதி தடமறிதல் எனவும் இங்கே வழங்கப்படும். அடையாளத்தின் முன்னொட்டாக நிறுவனத்தின் சுருக்கப்பெயரை வைப்போர், அப்பெயர் நிலைத்திருக்கும் என்று நம்பியே வைக்கின்றனர். மலேசியாவின் கிள்ளான் வட்டாரம் அந்த நம்பிக்கைக்கு இடம் தருவதில்லை. 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. 2024 பிப்ரவரி 5 அன்று கிள்ளான் நகராண்மைக் கழகம் அரச மாநகர் மன்றமாக உயர்ந்ததால், எம்பிகே என்ற மலாய்ச் சுருக்கம் எம்பிடிகே ஆனது. போர்ட் கிள்ளான் வடிகால் திட்டம் ஒன்றில் எம்பிகே-1 முதல் எம்பிகே-400 வரை கூற்றுகள் இருப்பதாகக் கொண்டால், அவற்றை என்ன செய்வது?

எல்லாக் கோப்புகளிலும் ஒரே கட்டளையால் தேடி மாற்றுவது விரைவானது, ஆனால் கண்மூடித்தனமானது. முன்னொட்டை மட்டும் மாற்றினால் பெரிய சிக்கலில்லை. எண்ணையும் சேர்த்து எம்பிகே-1 என்பதை எம்பிடிகே-101 ஆக்க முற்பட்டால், சொல்லின் எல்லையைக் குறிப்பிடாத கட்டளை எம்பிகே-12 என்பதையும் எம்பிடிகே-1012 ஆக்கிவிடும். இதைவிடப் பெரிய கேடு, 2024க்கு முன் கையொப்பமான சோதனை அறிக்கையின் நகலிலும் புதிய பெயர் ஏறிவிடுவது. அன்று இல்லாத பெயரில் ஒப்புதல் வழங்கப்பட்டதாகக் காட்டும் ஆவணத்தைத் தணிக்கையாளர் ஏற்க மாட்டார்.

தேவைக்கூற்றுகளை நிர்வகிக்கும் மென்பொருளே பெயரை மாற்றித் தருவது பாதுகாப்பானது எனினும், அடையாளத்தை அது எவ்வாறு சேமிக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கும். ஐபிஎம் டோர்ஸில் ஒவ்வொரு கூற்றுக்கும் மாறாத எண் ஒன்று உண்டு. இணைப்புகள் அதையே பற்றி நிற்பதால், கண்ணுக்குத் தெரியும் முன்னொட்டை மாற்றினாலும் அவை அறுவதில்லை. டோர்ஸ்டாப் என்ற திறந்தமூல மென்பொருளிலோ கோப்பின் பெயரே அடையாளம். மறுஆய்வு முடிந்ததைக் காட்டும் முத்திரையும் அவ்வடையாளத்தைச் சேர்த்தே கணக்கிடப்படுவதால், பெயர் மாறிய கூற்றுகள் மறுஆய்வுக்குத் திரும்பிவிடும். ஸ்பிங்க்ஸ்-நீட்ஸில் அடையாளம் உரைக்கோப்பிலேயே எழுதப்படுகிறது. விடுபட்ட இணைப்புகளை ஆவணத்தை உருவாக்கும்போது அது எச்சரிக்கையாகக் காட்டுவதால், தேடி மாற்றும் முறையை ஓரளவு நம்பிக் கையாளலாம்.

எக்செலுக்கு ஏற்றுமதி செய்து, திருத்தி, மீண்டும் ஏற்றும் முறை அலுவலகங்களில் விரும்பப்படுவது. பழைய அடையாளத்தைத் தனி நெடுவரிசையில் வைக்காவிட்டால், ஏற்றும் மென்பொருள் பழைய கூற்றை அடையாளம் காணாமல் புதியதொன்றை உருவாக்கக்கூடும். ரெக்ஐஎஃப் என்ற பரிமாற்ற வடிவம் உள்ளடையாளத்தையும் காட்சிப்பெயரையும் பிரித்து வைப்பதால், ஒப்பந்ததாரரும் ஆலோசகரும் வெவ்வேறு மென்பொருள்களைப் பயன்படுத்தும் திட்டத்துக்கு அதுவே ஏற்றது.

பெயரை மாற்றாமலே விடும் வழியைப் பலரும் சோம்பலாகக் கருதுகின்றனர். பெரும்பாலான திட்டங்களுக்கு உகந்தது அதுவே. எம்பிகே-12 என்பது வெறும் குறியீடாக எஞ்சட்டும். மன்றத்தின் இன்றைய பெயரைத் தலைப்பிலும் பொறுப்பாளர் புலத்திலும் எழுதி, புதிய கூற்றுகளுக்குப் பெயர் சாராத முன்னொட்டைக் கொடுத்தால் போதும். மாற்றியே ஆக வேண்டும் என ஒப்பந்தம் வற்புறுத்தினால், பழையதையும் புதியதையும் இணைத்துக் காட்டும் அட்டவணையைத் தயாரித்து, கையொப்பமான பதிப்பை முடக்கி வைத்த பிறகே கட்டளையை இயக்க வேண்டும்.