கைப்பேசிச் செய்தியின் அந்தரங்கமும் சட்டமும்

தபால் கார்டில் எழுதிய செய்தியை, அது கைமாறும் இடங்களிலெல்லாம் எவரும் படித்துவிடலாம். அதையே உறையிலிட்டு ஒட்டிவிட்டால், பிறர் அதைப் பிரிப்பது தவறென்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆயினும், ஒட்டிய கடிதத்தையும் நாட்டு நலனை முன்னிட்டு அரசாங்கம் நிறுத்திவைக்கலாம் என்னும் விதி 1898ஆம் ஆண்டுத் தபால் சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பெற்ற 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அத்தகைய விதி உண்டு.

இன்று கடிதத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. நெல் விலை விசாரிப்பதும், பெண்ணுக்கு வரன் பேசுவதும், கடன் கணக்குப் பார்ப்பதும் அதன் வழியே நடைபெறுகின்றன. ஆதலின், இச்செய்திகளுக்குள்ள பாதுகாப்பு யாது, அதனை அரசாங்கம் எம்மட்டில் விலக்கலாம் என்பவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மறையாக்கம் என்பது யாது?

செய்தியைப் பிறர் படிக்க இயலாத எழுத்துக் குவியலாக மாற்றியனுப்பும் முறைக்கு மறையாக்கம் என்று பெயர். வாட்ஸ்அப் நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் எல்லாச் செய்திகளுக்கும் இம்முறையைக் கையாண்டு வருகிறது. அனுப்புகிறவரின் கைப்பேசியில் பூட்டப்படும் செய்தி, பெறுகிறவரின் கைப்பேசியிலேதான் திறக்கப்படும். இடையிலே சுமந்து செல்லும் நிறுவனத்திடமும் அதற்குரிய சாவி இல்லை. கைப்பேசி வழியே வங்கிக்குப் பணம் செலுத்தும்போதும், வழியில் எவரும் களவாடாதபடி செய்தி மறைக்கப்பட்டே செல்கிறது. அங்கே வங்கி அதனைத் திறந்து பார்க்கும் என்பதே வேறுபாடு.

ரைன்பாடாவில் நிகழ்ந்தது

நல்லவரைக் காக்கும் இப்பூட்டு, தீயவருக்கும் பயன்படுகிறது. 2018ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று, மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்தைச் சேர்ந்த ரைன்பாடா கிராமத்துக்கு நாடோடிச் சமூகத்தார் சிலர் வந்தனர். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாகக் கைப்பேசிகளில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கூட்டம், அவர்களுள் ஐவரை அடித்துக் கொன்றது. அக்கொடுமை அவ்வூர்ப் பஞ்சாயத்து அலுவலகத்தினுள்ளேயே நிகழ்ந்தது என்பது நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியதொன்று. அதே ஆண்டு மே மாதத்தில், நமது திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவரும் இத்தகைய வதந்திக்கே உயிரிழந்தார்.

இத்துயரங்களுக்குப் பின்னர், வதந்தியை முதலில் கிளப்பியவரைக் கண்டறிய வழி வேண்டுமென மத்திய அரசாங்கம் வற்புறுத்தியது. வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு வரம்பு விதித்தது.

அரசாங்கத்தின் அதிகாரம்

2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி, குற்ற விசாரணை முதலிய காரணங்களுக்காகச் செய்திகளை இடைமறிக்கவும், மறைக்கப்பட்டவற்றைத் திறந்து காட்டுமாறு கட்டளையிடவும் மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு அதிகாரம் அளிக்கிறது. கட்டளைக்கு உதவ மறுப்போருக்கு ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

எனினும் இவ்வதிகாரம் கட்டற்றதன்று. 2009ஆம் ஆண்டு விதிகளின்படி, மத்தியில் உள்துறைச் செயலாளரும், மாநிலத்தில் அம்மாநில உள்துறைச் செயலாளருமே இக்கட்டளையைப் பிறப்பிக்க உரியவர்கள். அவசரச் சந்தர்ப்பங்களில் மட்டும் வேறு சில உயர் அதிகாரிகளுக்கு வரையறையுடன் இடமளிக்கப்பட்டுள்ளது. காரணத்தை எழுத்தில் பதிதல் வேண்டும். ஒரு கட்டளை 60 நாட்களுக்குச் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாட்களைக் கடத்தலாகாது. கட்டளைகளை ஆராய்வதற்குத் தனிக் குழுவும் உண்டு. பஞ்சாயத்துத் தலைவருக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ இப்பிரிவின்படி எவருடைய செய்தியையும் பார்க்கும் அதிகாரம் கிடையாது. வழக்கு விசாரணையில் போலீசார் கைப்பேசியைக் கைப்பற்றுவது வேறு சட்டத்தின் பாற்பட்டது.

உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் தேதி புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதில் அரசாங்கம் தலையிட வேண்டுமாயின், அதற்குச் சட்டம் இருத்தல் வேண்டும். நோக்கம் நியாயமானதாதல் வேண்டும். தலையீடு தேவைக்கு மிஞ்சாதிருத்தல் வேண்டும். பூட்டைத் திறக்கச் சொல்லும் ஒவ்வோர் ஆணையையும் இம்மூன்று கேள்விகளாலேயே எடை போடுதல் தகும்.

முதலில் அனுப்பியவர் யார்?

2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விதிகள், 50 லட்சத்துக்கு மேற்பட்ட பயனாளர்களையுடைய செய்தி நிறுவனங்கள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்டும் வசதி செய்தல் வேண்டுமெனக் கூறின. நீதிமன்ற உத்தரவோ 69ஆம் பிரிவின் கீழ்க் கட்டளையோ இருந்தாலன்றி இதனைக் கேட்கலாகாது, கடுங்குற்றங்களுக்கே கேட்கலாம், அந்தரங்கத்தை இதனினும் குறைவாகப் பாதிக்கும் வழி பயன் தருமாயின் கேட்கலாகாது என்னும் வரம்புகளும் அவற்றில் உள.

வாட்ஸ்அப் நிறுவனம் 2021ஆம் ஆண்டு மே மாதம் டில்லி உயர் நீதிமன்றத்தில் இவ்விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. எந்தச் செய்தியைப் பற்றிப் பின்னர் வினா எழும் என்பது முன்கூட்டித் தெரியாதாகையால், கோடிக்கணக்கானோரின் எல்லாச் செய்திகளுக்கும் அடையாளம் இட நேரும் என்பது அதன் வாதம். அதற்கு முன்னரே, 2019ஆம் ஆண்டில், சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்பிரச்சினை ஆராயப்பட்டது. முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியுடனேயே இணைத்தனுப்பலாம் என்று சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி யோசனை கூறினார். அவ்வடையாளத்தைத் தந்திரக்காரர் பொய்யாக மாற்றிவிடக்கூடும் என்று பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்தார்.

இவ்விதியில் கிராமத்தார் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. செய்தி வெளிநாட்டில் தோன்றியதாயின், இந்திய எல்லைக்குள் அதை முதலில் அனுப்பியவரே மூலவராகக் கொள்ளப்படுவார். துபாயிலோ சிங்கப்பூரிலோ உள்ள உறவினர் ஒரு வதந்தியை அனுப்ப, அதை ஊர்க் குழுவுக்கு அப்படியே தள்ளிவிடுகிறவர், தாம் எழுதாத செய்திக்கு மூலவராக நிற்க நேரிடலாம். அதனாலேயே குற்றவாளியென முடிவாகிவிடாது. ஆயினும் விசாரணை அவரிடமிருந்தே தொடங்கும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கன

ரைன்பாடாவில் உயிர்களைக் காத்திருக்கக்கூடியது, பின்னர் மூலவரைத் தேடும் விதியன்று; வந்தவர் யாவரென நிதானமாக விசாரித்து, உடனே போலீசாருக்குச் சொல்லியனுப்பும் ஊர்க் கட்டுப்பாடேயாகும். ஆகவே, ஊரில் வதந்தி பரவினால், உறுப்பினர்கள் அன்றே காவல் நிலையத்தில் உண்மையை விசாரித்து, ஒலிபெருக்கியிலோ தண்டோராவிலோ அறிவித்தல் நலம். அவசர உதவிக்கு 112 என்னும் எண் உண்டு. உண்மை தெரியாத செய்தியை எவருக்கும் தள்ளாதிருத்தல் வேண்டும்.

பூட்டு எவ்வளவு உறுதியாயினும், சாவியை நாமே கொடுத்துவிட்டால் பயனில்லை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இரகசிய எண்ணைக் கேட்போரிடம் அதனைச் சொல்லலாகாது. ஏமாந்து பணம் இழந்தோர் தாமதமின்றி 1930 என்னும் எண்ணில் முறையிடலாம்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில் இவற்றை எடுத்துரைப்பது உறுப்பினர்களின் கடமையாகும். வதந்தியை ஊரார் தாமே அடக்கிக்கொள்ளும் அளவுக்கு, குடும்பச் செய்தியின் பூட்டைத் திறக்க வேண்டிய அவசியம் குறையும்.