வளர்ப்புப் பிள்ளை: ஏற்கும் முன்னும் ஏற்ற பின்னும்

கடைவீதியில் இருக்கும் நமக்குக் கஃபாலா என்ற சொல் புதிதன்று. ஒருவர் வாங்கும் கடனுக்கு மற்றொருவர் ஜாமீன் நிற்பதை ஃபிக்ஹு நூல்கள் அப்பெயரால் வழங்குகின்றன. ஜாமீன் நிற்பவர் கஃபீல். கடன் வாங்கியவர் தவறினால் கஃபீல் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஆகவே கணக்கைப் பாராமலும், தன் முதல் தாங்குமா என்று எண்ணாமலும் எந்த வியாபாரியும் ஜாமீன் கையெழுத்துப் போடுவதில்லை.

ஆதரவற்ற குழந்தையை ஏற்று வளர்ப்பதற்கும் அதே சொல்தான். மர்யம் (அலை) அவர்களை ஜகரிய்யா நபி (அலை) பொறுப்பேற்று வளர்த்ததைத் திருக்குர்ஆனின் 3ஆம் அத்தியாயம் 37ஆம் வசனம் இச்சொல்லின் வேரினாலேயே கூறுகிறது. எத்தீமைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தமக்கு எவ்வளவு நெருக்கமாக இருப்பார் என்பதை நபிகள் நாயகம் (ஸல்) தம் இரு விரல்களைக் காட்டி உணர்த்தினார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும் தன் 20ஆம் பிரிவில் கஃபாலாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மலேசியா 1995இல் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது.

இதன் நன்மை பெரிது என்பதில் நம்மவர் யாருக்கும் ஐயமில்லை. ஆயினும் நூறு வெள்ளி ஜாமீனுக்குச் செய்யும் ஆயத்தத்தைக்கூடச் செய்யாமல், இரக்கம் மேலிட்ட நேரத்தில் குழந்தையை வீட்டுக்குக் கொண்டு வருவோர் உண்டு. அதன் நஷ்டத்தைப் பின்னாளில் சுமப்பது குழந்தைதான்.

நட்ராவின் வரலாறு

மரியா ஹெர்தோ என்ற டச்சுப் பெண் 1937இல் ஜாவாவில் பிறந்தாள். ஜப்பானியர் வந்தபோது அவள் தந்தை போர்க்கைதியானார். குழந்தை அமீனா என்ற முஸ்லிம் மாதின் கைக்கு வந்தது. அமீனா அவளுக்கு நட்ரா என்று பெயரிட்டுச் சொந்த மகளைப் போலவே வளர்த்தார். போருக்குப் பின் திரெங்கானுவின் கெமாமானுக்கு அழைத்து வந்தார். பெற்றோர் தேடிக் கண்டுபிடித்ததும் 1950இல் சிங்கப்பூர்க் கோர்ட்டில் வழக்கு நடந்தது. சில நாள் பார்த்துக்கொள்ளவே கொடுத்ததாகத் தாய் கூறினார். என்றைக்குமாகக் கொடுத்ததாக வளர்ப்புத்தாய் கூறினார். சிறையிலிருந்த தந்தையின் சம்மதம் பெறப்படவே இல்லை.

1950 டிசம்பர் 2ஆம் நாள் பெண் பெற்றோருக்கே என்று தீர்ப்பாயிற்று. நட்ராவுக்காக அமைந்த நடவடிக்கைக் குழுவின் முன்னணியில் நின்றவர் தமிழ் முஸ்லிம் பத்திரிகையாளர் கரீம் கனி. டிசம்பர் 11ஆம் நாள் மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். பதின்மூன்று வயதுப் பெண் ஹாலந்துக்கு அனுப்பப்பட்டாள். அமீனாவின் அன்பில் குறை கண்டவர் எவருமில்லை. அந்த அன்புக்கு ஆதாரமாக நிற்கும் பத்திரம் ஒன்றும் இல்லாது போயிற்று. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

முதலாவது: பத்திரங்கள்

தெரிந்தவர் கொடுத்தார், மருத்துவமனையில் ஒருவர் சொன்னார் என்று குழந்தையை வாங்கி வரலாகாது. 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் 35ஆம் பிரிவின்படி, குழந்தையைத் தம் பொறுப்பில் எடுப்பவரும் கொடுப்பவரும் ஒரு வாரத்திற்குள் சமூகநல இலாகாவின் பாதுகாவல் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பெற்றோரற்ற குழந்தையைத் தகுதியான வளர்ப்புப் பெற்றோரிடம் இரண்டாண்டுக் காலத்திற்கு ஒப்படைக்க, அச்சட்டத்தின் 30ஆம் பிரிவு சிறார் நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகிறது.

1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. நமக்குள்ள வழி அதே ஆண்டின் தத்துப் பதிவுச் சட்டம். பிள்ளையைத் தொடர்ந்து இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் வளர்த்தவர் அதன் கீழ்த் தேசியப் பதிவு இலாகாவில் பதிந்துகொள்ளலாம். பத்திரமில்லாத பிள்ளை பள்ளிக்கூடத்திலும் அடையாளக் கார்டுக்கும் பட்டபாடு கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் அறியாததன்று.

பெட்டாலிங் ஜெயாவிலேயே 2010ஆம் ஆண்டு ஆர்ஃபன்கேர் அறநிறுவனம், வளர்க்க இயலாத தாய்மார் சிசுவைப் பத்திரமாக விட்டுச் செல்ல ஒரு பெட்டகம் திறந்தது. குப்பைத் தொட்டியில் சிசுக்கள் கிடந்த கொடுமையே அதற்குக் காரணம். பிள்ளை வேண்டுவோர் இத்தகைய நேரான வழிகளையே நாட வேண்டும்.

இரண்டாவது: பெயர்

ஜைத் (ரலி) அவர்களை மக்கள் முஹம்மதின் மகன் என்றே அழைத்து வந்தனர். 33ஆம் அத்தியாயம் 5ஆம் வசனம் இறங்கியபின் அவர் மீண்டும் ஹாரிதாவின் மகன் ஜைத் என்றே அழைக்கப்பட்டார். நபிகளாரின் அன்பு அதனால் இம்மியும் குறையவில்லை. வளர்த்தவர் தம் பெயரைத் தந்தை பெயராக எழுதலாகாது. பெண்ணாயின் நிக்காஹின்போது வளர்ப்புத் தந்தை வலியாக நிற்க முடியாது. இரத்த உறவில் வலி இல்லையேல் வலி ஹாக்கிம் வேண்டும். இதைக் கல்யாணப் பந்தலில் முதன்முதலாகக் கேட்கும் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஐந்து ஆறு வயதிலேயே பிள்ளைக்குப் புரியும் எளிய சொற்களில் உண்மையைச் சொல்லத் தொடங்குவது நலம்.

மூன்றாவது: மஹ்ரம்

இரண்டு வயதுக்குட்பட்ட சிசுவுக்குப் பாலூட்டினால் பால்குடி உறவு ஏற்படும். ஷாஃபி மத்ஹபில் ஐந்து முறை நிறைவாக ஊட்ட வேண்டும். ஹனஃபி மத்ஹபில் சிறிதளவே போதும். பெண் சிசுவுக்குக் கணவரின் சகோதரியும், ஆண் சிசுவுக்கு மனைவியின் சகோதரியும் ஊட்டினாலும் வளர்ப்பவர் மஹ்ரமாவார். காலம் கடந்தால் இவ்வழி அடைபடும். ஆகவே குழந்தை வரும் முன்பே ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவது: சொத்து

வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை. ஆயினும் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத் எழுதலாம். சிலாங்கூரில் இதற்கென 1999ஆம் ஆண்டின் முஸ்லிம் வஸிய்யத் சட்டம் உண்டு. உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகவும் கொடுக்கலாம். பிறகு பார்ப்போம் என்று தள்ளி வைத்தவர் திடீரென மௌத்தானால், இருபது ஆண்டு மகனாக இருந்தவன் மறுவாரம் கடைப்படியில் அந்நியனாக நிற்பான்.

பிள்ளைக்கு அதன் தகப்பனார் விட்டுச்சென்ற பணம் இருந்தால் அதற்குத் தனிப் பேரேடு வேண்டும். எத்தீமின் பொருளை அநியாயமாக உண்பது பற்றி 4ஆம் அத்தியாயம் 10ஆம் வசனத்தில் வந்துள்ள எச்சரிக்கை கடுமையானது. மற்றொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொந்தப் பிள்ளை டியூஷனுக்குப் போக, வளர்ப்புப் பிள்ளை கல்லாவுக்குப் பின்னால் மூட்டை தூக்கினால் அதற்குப் பெயர் கஃபாலா அன்று. கூலியில்லாத வேலையாள் வைத்திருப்பது.

ஐந்தாவது: வீடு

கணவர் முடிவு செய்து மனைவிக்குத் தெரிவிக்கும் காரியமன்று இது. பாரத்தில் பெரும்பகுதியை அந்த அம்மாள் சுமக்க வேண்டியிருக்கும். சொந்தப் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே பேச வேண்டும். பல கை மாறி வந்த குழந்தை சோற்றைத் தலையணைக்கடியில் ஒளிக்கும். ஏழு வயதிலும் படுக்கையை நனைக்கும். அணைக்க வந்தால் விலகும். இது நன்றிகேடு அன்று, பட்ட பயம். அடிப்பதால் அது தீராது. ஒரே நேரத்தில் சோறு, ஒரே நேரத்தில் படுக்கை, சொன்ன சொல் தவறாமை, பல மாதப் பொறுமை ஆகியவையே அதற்கு மருந்து. வேண்டுமாயின் மருத்துவரையும் நாட வேண்டும்.

ஜமாஅத்தின் கடமை

குழந்தை வந்த அன்று பிரியாணி ஆக்கி வாழ்த்துகிறோம். ஆறாம் மாதம் அந்த வீட்டை எட்டிப் பார்ப்பவர் இல்லை. முன்பே பிள்ளை வளர்த்த ஒரு தம்பதியரைப் புதியவர்க்குத் துணையாக ஜமாஅத் ஏற்படுத்தலாம். இலாகாவுக்குப் போகும் நாளில் ஒருவர் கடையைப் பார்த்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகளைக் கவனித்து அந்தத் தாய்க்கு ஓய்வு தரலாம். இவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை. பிள்ளையின் காதுபட "எடுத்து வளர்க்கிற பிள்ளை" என்று பேசாதிருப்பதற்கோ ஒரு காசும் செலவில்லை.

வீட்டில் கலந்து பேச

1. நம் வீட்டில் அனைவரும் மனமொப்பி இருக்கிறோமா?
2. நாளை நமக்கு மௌத்து வந்தால் இப்பிள்ளையின் பொறுப்பு யாரிடம்? அது எழுத்தில் இருக்கிறதா?
3. பிள்ளைக்கு உண்மையை யார், எப்போது சொல்வது?
4. நம் மஹல்லாவில் இப்போது பிள்ளை வளர்க்கும் வீடு எது? கடைசியாக அங்கு நாம் போனது எப்போது?

இந்த நான்குக்கும் விடை கண்டபின் ஜாமீன் கையெழுத்துப் போடுங்கள். அல்லாஹ் அதை நிறைவேற்றும் வலுவை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.