எது எப்படி வந்தது? தாளுக்குள் நட்சத்திரமும் சிங்கமும்

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் இந்திய வரைபடம் போட்ட 15 நயா பைசா தபால்தலைகள் இரண்டு கிடைத்தன. படம், நிறம், விலை எல்லாம் ஒன்றுதான். ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒன்றில் நட்சத்திரமும் மற்றதில் சிங்க முகமும் தெரிகின்றன. எது சரியானது?
— நெசவாளர் குடும்பத்து வாசகி, ஏனாத்தூர்

பதில்: இரண்டுமே சரியானவைதான். நயா பைசா புழக்கத்துக்கு வந்த 1957 ஏப்ரல் 1 அன்று இந்த வரைபட வரிசை வெளிவரத் தொடங்கியது. அப்போது அச்சிட்ட தாளில் நட்சத்திர வாட்டர்மார்க் இருந்தது. 1958 முதல் அதே படங்களை அசோகர் தூணின் சிங்கத் தலை பதிந்த தாளில் அச்சிட்டார்கள். நாடு விடுதலை அடைந்து பத்தாண்டுக்குப் பிறகும் நம் தபால்தலைக்குள் பிரிட்டிஷ் கால நட்சத்திரம்தான் இருந்தது என்பதை உங்கள் கையிலுள்ள இரண்டு துண்டுத் தாள்களும் காட்டுகின்றன.

அந்த நட்சத்திரம் 1882இல் தொடங்கிய வரிசையில் வந்தது. அதற்கு முன் 1865 முதல் யானைத் தலை. 1854இல் கல்கத்தாவில் அச்சிட்ட முதல் அகில இந்தியத் தலைகளிலோ, முழுத் தாளுக்கும் சேர்த்து கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம் ஒன்றுதான். அதனால் ஒரு தலையில் அதன் ஒரு துண்டு மட்டுமே விழும். சிலவற்றில் எதுவுமே தெரியாது.

வாட்டர்மார்க் பிறந்தது 13ஆம் நூற்றாண்டில், இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊரில். காகிதக் கூழை அள்ளும் சல்லடையின் மேல் கம்பியை உருவமாக வளைத்துத் தைத்தார்கள். கம்பி இருக்கும் இடத்தில் கூழ் மெலிதாகப் படியும், காய்ந்தபின் அந்த இடத்தில் வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும். கள்ள அச்சடிப்பவன் மையையும் படத்தையும் நகலெடுக்கலாம். தாளுக்குள் இருப்பதை உண்டாக்க அவனுக்குக் காகித ஆலையே வேண்டும்.

கேள்வி: பழைய திருவிதாங்கூர் அஞ்சல் தலைகள் சிலவற்றின் தாளில் நெருக்கமான கோடுகள் ஓடுகின்றன. சிலவற்றில் இல்லை. கோடுள்ளவை போலியா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1888 அக்டோபரில் திருவிதாங்கூர் தன் முதல் சங்கு முத்திரைத் தலைகளைக் கோடுள்ள தாளில்தான் அச்சிட்டது. சேகரிப்பாளர்கள் இதை லெய்ட் பேப்பர் என்பார்கள். பின்னர் வந்தவை கோடில்லாத வோவ் பேப்பரில், உள்ளே சிறு சங்குகளின் வாட்டர்மார்க்கோடு வந்தன.

வேறுபாடு கூழை அள்ளும் சல்லடையில் இருக்கிறது. பழைய சல்லடையில் மெல்லிய கம்பிகள் அடுத்தடுத்துப் படுத்திருக்கும். அவற்றைச் சற்று இடைவெளி விட்டுச் சில கம்பிகள் குறுக்கே பிணைத்திருக்கும். பாவு நெருங்கி ஓட, ஊடை எட்ட எட்ட விழுந்த துணியைப் போன்ற அமைப்பு அது. அதன் தடம் தாளில் அப்படியே பதியும். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் வாட்மன் தறியில் நெய்த கம்பி வலையைச் சல்லடையில் பொருத்தினார். கோடுகள் மறைந்தன. பர்மிங்ஹாமில் ஜான் பாஸ்கர்வில் 1757இல் அச்சிட்ட வர்ஜில் கவிதை நூலில் இந்தத் தாள் இடம்பெற்றது. வழுவழுப்பான காகிதம் தறியிலிருந்து வந்தது என்பதில் நெசவு ஊர்க்காரர்கள் பெருமைப்படலாம்.

கேள்வி: தபால்தலைக்குள் பட்டு நூல் வைத்தார்கள் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: உண்மை. ஜான் டிக்கின்சன் என்ற ஆங்கிலேயக் காகித உற்பத்தியாளர் கூழ் தாளாகும்போதே அதற்குள் பட்டு நூலை ஓடவிடும் முறையைக் கண்டுபிடித்தார். 1847இல் வெளியான பிரிட்டனின் ஒரு ஷில்லிங் தலையில் அந்த நூல்கள் இருக்கின்றன. 1850களில் சுவிட்சர்லாந்தும் பட்டு நூல் ஓடிய தாளில் தபால்தலை அச்சிட்டது. நோக்கம் அலங்காரம் அல்ல, போலியைத் தடுப்பதுதான். அச்சான தாளுக்குள் பிறகு நூலை நுழைக்க முடியாது.

கேள்வி: தாளின் வகையை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?
— கல்லூரி மாணவர், ஏனாத்தூர்

பதில்: முதலில் உறையில் ஒட்டியிருக்கும் தலையைப் பிரிக்காதீர்கள். உறையும் முகவரியும் முத்திரையும் சேர்ந்ததுதான் முழுச் சான்று. ஏற்கெனவே உதிரியாக இருப்பவற்றைச் சாமணத்தால் எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். தெரியாவிட்டால் கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்து, சிகரெட் லைட்டரில் ஊற்றும் பெட்ரோலில் ஓரிரு சொட்டு விடுவது சேகரிப்பாளர்களின் வழக்கம். வாட்டர்மார்க் கருமையாக எழும். தீப்பற்றக்கூடியது, ஆகவே அடுப்பு, விளக்குப் பக்கம் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சில மைகள் பெட்ரோலில் கரையும் என்பதால் மதிப்புள்ள தலையில் சோதிக்க வேண்டாம்.

மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நம் குடும்பங்களுக்கு வந்த கடிதங்களில் கூடுதல் கவனம் தேவை. அங்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல தலைகளைச் சுண்ணம் பூசிய தாளில் அச்சிட்டார்கள். முத்திரையைக் கழுவி மீண்டும் ஒட்ட முயன்றால் படமும் சேர்ந்து கரைய வேண்டும் என்பதற்காகவே அந்தப் பூச்சு. தண்ணீரில் ஊறவைத்தால் உங்களுக்கும் அது நடக்கலாம்.

தாளைப் பார்த்தபின் முத்திரைத் தேதியோடு ஒப்பிடுங்கள். சிங்கத் தலை தெரியும் வரைபடத் தலையில் 1957ஆம் ஆண்டு முத்திரை விழுந்திருந்தால், முத்திரை பொய்யாக இருக்கலாம், அல்லது இதுவரை பதிவாகாத செய்தி உங்கள் கையில் இருக்கலாம். அதைக் கழுவாமல், ஒட்டாமல், அனுபவமுள்ள சேகரிப்பாளரிடம் காட்டுங்கள்.