பரியும் ஊர்வோன் உள்ளமும்

திருமந்திரம் மூன்றாந் தந்திரத்துப் பிராணாயாமப் பகுதியில், மூச்சினைக் குதிரையாக உருவகித்துத் திருமூல நாயனார் அருளிய செய்யுள் ஒன்றுண்டு. அக்குதிரை மெய்யர்க்குப் பிடிகொடுக்கும். பொய்யரைத் துள்ளி வீழ்த்தும் என்பது அதன் கருத்து. கடிவாளமிட்டு அடக்கினாற் குதிரை வழிப்படும், அதுபோல மூச்சினை அடக்குக என இதற்குப் பொருள் விரிப்பாருளர். கருத்து அவ்வளவேயாயின், கைவலி உடையார் இல்லார் எனப் பகுத்தலே அமையும். மெய்யர் பொய்யர் என்னும் பாகுபாடு வேண்டா. உவமையின் உயிர் ஊர்வோனது உள்ளத்திற் கிடக்கின்றது என்பதே நாம் கொள்வது.

குதிரையின் இயல்பே இதற்குச் சான்று. ஓர் ஈ அமரினும் அவ்விடத்துத் தோலை மட்டுஞ் சிலிர்த்து உதற வல்லது அது. அத்துணை நுண்ணுணர்வுடைய முதுகின்மேல் இருப்பவன் அஞ்சினால், அவன் மூச்சு நிற்கும், தொடை இறுகும், கை தன்னையறியாது கடிவாள வாரைக் குறுக்கும். பகை கண்டால் ஓடிப் பிழைக்குஞ் சாதியாதலின், அஞ்சத்தக்கது யாதெனத் தான் காணாமலே குதிரை மருளும். அம்மருட்சி கண்டு அவன் பின்னும் அஞ்சுவான். சிந்தை வேறிடத்துச் செல்லினும் குதிரை நெறி பிறழும்.

சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையொன்று இங்கு நினைக்கத்தக்கது. குதிரையை ஊர்ந்தும் பிடித்து நடத்தியும் ஒரே வழியில் நான்கு முறை சென்றவர்க்கு, நான்காம் முறை மட்டும், வழியில் ஒரு குடை திடீரென விரிக்கப்படும் என்று சொல்லப்பட்டது. குடை விரிக்கப்படவேயில்லை. ஆயினும் மாந்தரது நெஞ்சத்துடிப்பு மிக்கது. குடையைப் பற்றி ஒன்றுமறியாத குதிரையின் நெஞ்சத்துடிப்பும் உடன் மிக்கது!

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது சித்தாந்தம். குதிரையும் ஓர் உயிரே; ஊர்வோனைச் சார்ந்து அவன் வண்ணம் எய்துகின்றது.

அற்றேல், சடமாகிய மூச்சிற்குச் சேதனமாகிய குதிரை உவமையாதல் எங்ஙனம் எனின், கூறுதும். மூச்சு சடமேயாயினும் உள்ளத்தின் வழிப்பட்டே நிற்பது. வெகுண்டார்க்கு விரைதலும், அமைந்தார்க்குத் தாழ்தலும், கவன்றார்க்கு இடையிடையே அறுதலும் யாவரும் அறிவர். ஆகலின், ஊர்வோனது நிலைக்கேற்ப மாறுதலே ஈண்டுப் பொதுத்தன்மை. நம் விருத்தாசலம் இந்நாளிற் பீங்கான் தொழிலாற் பெயர் பெற்றது. சூளையிற் சுட்ட மண்குதிரைமேல் வீரனும் கோழையும் ஒப்ப அமரலாம். அது பிடிகொடுப்பதுமில்லை, துள்ளுவதுமில்லை. நாயனார் உவமை கொண்டது உயிருள்ள குதிரையை.

இவ்வூரே பழைய திருமுதுகுன்றம். இங்குப் பன்னீராயிரம் பொன் பெற்று, அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தவர் சுந்தரர். தோழமை நெறியாகிய யோகத்திற்கு அவரை எடுத்துக்காட்டுவது சைவ மரபு. அவர் திருவஞ்சைக்களத்தினின்று வெள்ளானைமேற் கயிலைக்கு எழுந்தபோது, அவர்தம் தோழர் சேரமான் பெருமாள் குதிரையேறி, அதன் செவியிற் சிவமந்திரம் ஓதினார். பரி விசும்பில் எழுந்தது. வன்றொண்டரது யானையை வலங்கொண்டு அதற்கு முன்னாகச் சென்றது. தோழரை வலம் வருகவென்று அக்குதிரையைப் பயிற்றினார் எவருமிலர். ஊர்ந்தவர் நெஞ்சில் நிறைந்திருந்த அன்பே அதன் நடையாயிற்று. அது விசும்பெழுதற்குக் காரணமாகச் சேக்கிழார் கூறியதும் செவியில் ஓதிய அம்மந்திரம் ஒன்றே.