முதன்முதலாகப் பொதிக் கழுதை வாங்குவோர் கவனத்திற்கு

மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் நெல்லும் காய்கறியும் பயிரிடும் கமக்காரர்களுக்கான குறிப்புகள்

மாடு வாங்குவதில் நம் கமக்காரருக்கு எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. சுழி, கொம்பு, திமில், நடை ஆகியவற்றைக் கண்டே மாட்டின் தரத்தைக் கூறிவிடுவர். ஆனால் குதிரையும் கழுதையும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த விலங்குகள். மாட்டுக்குப் பொருந்தும் அறிவு இவற்றுக்கு முழுவதும் பொருந்தாது. மாடு பிடிப்பது போலக் கழுதை பிடித்தவர் பலர் பணத்தையும் இழந்து, விலங்கையும் வீதியில் விட நேர்ந்தது.

இத்தவறு நம் கடற்பகுதிக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மன்னார்க் குடாவின் அக்கரையிலிருந்த பாண்டி நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அந்நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகளை அரபு நாட்டு வணிகரிடம் வாங்கினர் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றுட் பெரும்பாலானவை மடிந்தன என்றும் கூறுகிறார். பராமரிக்கத் தெரிந்தவர் நாட்டில் இல்லாமையே அதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. அரசரின் பொருள் அந்நட்டத்தைத் தாங்கிற்று. ஒரு போக விளைச்சலைக் கொடுத்து விலங்கு வாங்கும் கமக்காரர் அதைத் தாங்கமாட்டார்.

1. வாங்குவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

மன்னார் நகரிலும் தீவின் ஏனைய ஊர்களிலும் இன்று வீதிகளிற் கூட்டமாகத் திரியும் கழுதைகளை யாவரும் அறிவர். அரபு வணிகர் இவற்றைக் கொண்டுவந்தனர் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. ஒரு காலத்தில் பொதி சுமந்து உழைத்த விலங்கினம் இது. லொறியும் உழவு இயந்திரமும் வந்தபின் வேலையற்றுப் போயிற்று. இன்று இவை வாகனங்களில் மோதுண்டும், உணவு வாசனைக்காகப் பொலித்தீன் பைகளைத் தின்றும் துன்புறுகின்றன. ஆகவே, கழுதை வாங்க விரும்பும் கமக்காரர் முதலிற் பின்வரும் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

(அ) கிழமையிற் பல நாட்களுக்கு அதற்கு வேலை உண்டா? மணற்பாங்கான தோட்டங்களில் வண்டிச் சக்கரம் புதையும். அங்கே எரு, தண்ணீர், விறகு, பறித்த காய்கறி ஆகியவற்றை வீதிவரை சுமக்கக் கழுதை மிகவும் ஏற்றது. ஆனால் கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள முருங்கன், நானாட்டான், உயிலங்குளம் முதலிய இடங்களின் சேற்று வயலில் உழுவதற்குக் கழுதையை நம்பலாகாது. அதன் சிறிய குளம்பு சேற்றிற் புதைவதுடன் ஈரத்தில் நோயும் கொள்ளும்.

(ஆ) வரட்சிக் காலத்திலும் நல்ல தண்ணீர் கிடைக்குமா? நடுத்தரக் கழுதைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 25 லீற்றர் வரை தேவை. உவர்ப்பேறிய கிணற்று நீரை மட்டும் நம்பியிருப்பவர் இதனை நன்கு சிந்திக்க வேண்டும்.

(இ) நமக்குப் பின் அதனைப் பார்ப்பவர் யார்? நன்கு பேணப்படும் கழுதை 30 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடும். ஐந்து வயதிற் வாங்கிய விலங்கு உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் கொட்டிலில் நிற்கலாம்.

இம்மூன்றுக்கும் திருப்தியான விடை இல்லையெனில், வேண்டும்போது வாடகைக்கு வண்டி பிடிப்பதே இலாபம்.

2. குதிரையா, கழுதையா?

குதிரையே வாங்கலாமா எனச் சிலர் கேட்பதுண்டு. நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலந்தொட்டுக் குதிரை வளர்க்கப்பட்டது. அவற்றின் வழிவந்தவை அங்கே இன்றும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. எனினும் தோட்ட வேலைக்குக் குதிரை சிக்கனமானதன்று. அதற்குத் தீனியும் நீரும் கூடுதலாக வேண்டும். அச்சங்கொண்டால் குதிரை ஓடும், கழுதை நின்றுவிடும். பலர் இதைப் பிடிவாதம் என்பர். உண்மையில், முன்னேயுள்ளதை அறியாமற் காலெடுத்து வைக்க மறுக்கும் எச்சரிக்கையே அது. முதன்முதல் இவ்வினத்தை வளர்ப்பவருக்கு நின்றுவிடும் விலங்கு ஓடும் விலங்கிலும் பாதுகாப்பானது.

3. சென்று பார்த்தல்

விற்பவரின் வீட்டிலேயே விலங்கைப் பார்க்க வேண்டும். ஒரு முறை பார்த்து விலை பேசலாகாது. முதல் முறை அறிவிக்காமற் காலையிற் செல்க. அப்போது அது கொட்டிலில் எவ்வாறு நிற்கிறது, தீனி தின்கிறதா என்பது தெரியும். இரண்டாம் முறை பொதி ஏற்றி நடக்கச் செய்து பார்க்க. மூன்றாம் முறை, உழைத்த மறுநாள் சென்று பார்க்க. முதல்நாள் மறைந்திருந்த நொண்டல் மறுநாள் வெளிப்படும்.

கழுதை நோவை வெளிக்காட்டாத விலங்கு. மாடு கத்தும் இடத்திற் கழுதை வெறுமனே தலை தாழ்த்தி நிற்கும். ஆகவே “சாதுவானது” எனக் காட்டப்படும் விலங்கு நோயுற்றதாகவும் இருக்கலாம். காதுகள் ஒலி வரும் திசைக்குத் திரும்புகின்றனவா எனக் கவனிக்க. கையில் தீனி கொடுத்துப் பார்க்க. தீனியை மறுக்கும் கழுதையை எவ்விலைக்கும் வாங்க வேண்டாம்.

4. பல்லைப் பார்த்து வயதறிதல்

மாட்டுக்கு மேல்வாயில் முன்பற்கள் இல்லை. குதிரைக்கும் கழுதைக்கும் மேலே ஆறும் கீழே ஆறுமாக முன்பற்கள் உண்டு. பாற்பற்கள் சிறியவை, வெண்மையானவை. நிலைப்பற்கள் பெரியவை, சற்று மஞ்சளானவை. நடுவிலுள்ள இரு சோடிகள் (மேலும் கீழும் ஒவ்வொன்று) ஏறத்தாழ 2½ வயதிலும், அவற்றை அடுத்தவை 3½ வயதிலும், ஓரத்திலுள்ளவை 4½ வயதிலும் மாறும். கழுதைக்கு இது சற்றுப் பிந்துவதும் உண்டு. ஐந்து வயதளவில் எல்லா முன்பற்களும் நிலைப்பற்களாய் இருக்கும். அதன்பின் பற்களின் தேய்வையும் சாய்வையும் கொண்டு கூறும் வயது மதிப்பீடேயன்றித் திட்டமான கணக்கன்று.

ஓரத்திற் பாற்பல் தெரியும் விலங்கின் முதுகிற் பொதி ஏற்றலாகாது. நான்கு வயதுக்குமுன் சுமந்த விலங்கின் எலும்பும் மூட்டும் வாழ்நாள் முழுதும் பழுதாகலாம். முதன்முதல் வாங்குவோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு இடைப்பட்ட, வேலைக்குப் பழகிய விலங்கே ஏற்றது. அரைகுறையாக மென்ற தீனிச் சுருள்கள் வாயிலிருந்து விழுந்து கிடந்தால் கடைவாய்ப் பற்களிற் பழுது உண்டெனக் கொள்க.

5. காலும் குளம்பும்

சுழி பார்க்கச் செலவிடும் நேரத்தைக் குளம்பு பார்க்கச் செலவிடுவது நன்று. சுழி உழைக்காது, குளம்பே உழைக்கும். முதுகிற் சிலுவை போன்று காணப்படும் கருங்கோடும் இவ்வினத்துக்கு இயல்பானதே, தரத்தைக் காட்டுவதன்று.

நம் பகுதியில் மணல் இரு வகையிற் கண்ணை ஏமாற்றும். முதலாவது, மென்மணலில் நடக்கும் விலங்கின் கால்நோவு தெரியாது. எனவே அதனைத் தார் வீதிக்கோ இறுகிய நிலத்துக்கோ கொண்டுவந்து, நேராக நடத்தியும் மெல்ல ஓடவிட்டும் பார்க்க. முன்னங்காலில் நோவிருந்தால், அக்கால் நிலத்தில் ஊன்றும்போது தலை மேலெழும். இரண்டாவது, மணலில் நடக்கும் குளம்பு போதியளவு தேயாது; நுனி நீண்டு, செருப்பு முனைபோல் மேல்நோக்கி வளையும். அத்தகைய குளம்பைத் திருத்தப் பல மாதங்கள் செல்லும், சில திருந்துவதேயில்லை.

நான்கு கால்களையும் விற்பவரே தூக்கிக் காட்டட்டும். குளம்பின் அடியில் நாற்றமும் கறுத்த கசிவும் இருந்தால் அது அழுகல். குளம்பில் வெப்பம் மிகுந்து, விலங்கு எடையைப் பின்னங்கால்களிற் சாய்த்து நின்றால் அது பெருநோயின் அறிகுறி. வாங்க வேண்டாம்.

6. முதுகு, கண், மூச்சு

முதுகெலும்பின் இருபுறமும் பெருவிரலால் அழுத்திக்கொண்டு செல்க. தோல் துடித்தாலோ முதுகு தாழ்ந்தாலோ அங்கே நோவுண்டு. பிடரிக்குப் பின்னால் வெண்மயிர்த் திட்டுகள் இருப்பின் முன்பு பொதிப்புண் இருந்து ஆறியது எனக் கொள்க. ஆறிய புண் குற்றமன்று. ஆறாத புண்ணுள்ள விலங்கைச் சுமக்க வைப்பது கொடுமை. 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்குகள் கொடுமைத் தடைச் சட்டம் இவ்விலங்குகளையும் காக்கும் பொருட்டு இயற்றப்பட்டதே.

கண் தெளிவாயும், மூக்குச் சளியின்றியும் இருத்தல் வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாய் இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடியில் நிறம் திரும்பும். ஓய்வில் நிற்கும் கழுதையின் நாடி நிமிடத்துக்கு 36 முதல் 52 வரை. மூச்சு 12 முதல் 28 வரை. உடல் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. வெயிலிற் பொதி சுமந்தபின் இவை உயரும். நிழலில் ஓய்வெடுத்தபின் இறங்க வேண்டும். இறங்காவிடில் காரணம் ஆராய்க.

7. குணமும் சோடியும்

விலங்கை நீங்களே பிடித்து, தலைக்கயிறு இட்டு, வீதியில் வாகனங்கள் செல்லும் இடத்தில் நடத்திப் பார்க்க. உங்கள் வீட்டில் அதனைப் பார்க்கப் போகிறவர் மனைவியோ மகனோ ஆயின் அவரும் உடன் சென்று பிடித்துப் பார்க்க வேண்டும். விதையடிக்காத ஆண் விலங்கு கடிக்கவும் பிற விலங்குகளை விரட்டவும் கூடும். முதன்முதல் வாங்குவோர் அதனைத் தவிர்க்க. பெட்டையாயின் சினையா என்பதை அறிக. சினைக்காலம் ஏறத்தாழ 12 மாதம்.

கழுதைகள் ஒன்றோடொன்று நெருங்கிய நட்புக் கொள்ளும். ஒன்றைப் பிரித்தால் மற்றது தீனியை விட்டு வாடும். சில நாட்கள் தீனி உண்ணாத கழுதையின் இரத்தத்திற் கொழுப்பு மிகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் ஒன்றாக நிற்கும் சோடியைப் பிரித்து ஒன்றை மட்டும் வாங்குவது ஆதாயம்போல் தோன்றினும் நட்டமாய் முடியலாம். இரண்டையும் வாங்க இயலாவிடின், தனித்து வாழப் பழகிய வேறொன்றைத் தேடுக.

8. விலையும் எழுத்தும்

விலை தீர்க்குமுன் அரசாங்க மிருக வைத்திய அதிகாரியிடம் விலங்கைக் காட்டுக. “ஏன் விற்கிறீர்கள்?” என்ற கேள்வியைத் தவறாது கேட்க, விற்பவர் கூறுவதை அயலாரிடமும் விசாரிக்க. இயலுமாயின் இரண்டு கிழமை தவணை பெற்று வீட்டில் வைத்துப் பார்க்க. விலங்கின் நிறம், பால், மதிப்பிட்ட வயது, அடையாளம், விலை, தவணை ஆகியவற்றை இரு சாட்சிகள் முன் எழுதிக் கையொப்பம் பெறுக. வீதியிற் திரிவதைப் பிடித்துக் கொள்ளலாம் என எண்ண வேண்டாம். அதற்கு உரிமையாளர் இருக்கலாம். கிராம அலுவலரிடமும் உள்ளூராட்சி மன்றத்திலும் விசாரித்தபின்னரே எதுவும் செய்தல் வேண்டும்.

9. வீட்டுக்கு வந்தபின்

மாரிக்குமுன் கொட்டில் தயாராக வேண்டும். கழுதை வரண்ட நாட்டு விலங்கு. அதன் மயிர் மழைநீரை வடியவிடாது ஊறவைக்கும். வாடைக்காற்றுடன் மழை பெய்யும் பெரும்போகக் காலத்தில் கூரையும் உயர்ந்த உலர் நிலமும் இல்லாவிடில் சளிநோயும் குளம்பழுகலும் வரும்.

150 கிலோகிராம் எடையுள்ள விலங்குக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 கிலோகிராம் உலர்தீனி போதும். பூஞ்சணம் பிடிக்காத வைக்கோலும் புல்லும் அதற்கு ஏற்றவை. தவிடும் தானியமும் மிகுதியாகக் கொடுத்தால் குளம்புநோய் வரும். தீனியை மணலிற் போடாது கடகத்திலோ தொட்டியிலோ இடுக. விலங்கு மணலைத் தின்கிறதா என அறிய, புதிய விட்டையின் மேற்பகுதியை நீரிற் கரைத்து வைக்க. அடியில் மணல் படிந்தால் குடலிலும் மணல் சேர்கிறது என்பதே பொருள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பர். ஆனால் அழுக்கு நீரை மணந்தே விலக்குவது அவ்விலங்கின் வழக்கம். தொட்டியை நாள்தோறும் கழுவுக.

பொதியின் எடை உடலெடையின் நாலிலொரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று. 150 கிலோகிராம் விலங்குக்கு ஏறத்தாழ 37 கிலோகிராம். இருபுறமும் சமமாக ஏற்றி, முதுகெலும்பின்மேல் அழுத்தாதவாறு தடித்த மெத்தை இடுக. நண்பகலில் வேலை வாங்க வேண்டாம். ஆறு முதல் பத்துக் கிழமைக்கு ஒருமுறை குளம்பு சீவுக. ஏற்புவலித் தடுப்பூசி பற்றி மிருக வைத்தியரிடம் கேட்டறிக. கழுதை ஒரு நாள் தீனி உண்ணாவிடினும் மறுநாள் வரை காத்திராது வைத்தியரை அழைக்க.

முடிவுரை

விலை கொடுக்கும் நாளில் எவரும் வீதியில் விடும் எண்ணத்துடன் விலங்கு வாங்குவதில்லை. வேலை உண்டா, நீர் உண்டா, பின்னர் பார்க்க ஆள் உண்டா என்பதை அந்நாளில் எண்ணாமையே பின்னாளில் அதனை வீதிக்குத் தள்ளுகிறது. நன்கு தேர்ந்து வாங்கிய கழுதை, எரிபொருள் இல்லாத நாளிலும் எருவைத் தோட்டத்துக்கும் கத்தரிக்காயை வீதிக்கும் கொண்டு சேர்க்கும். அதன் விட்டையும் மக்கியபின் மணல் நிலத்துக்கு உரமாகும்.

கமக்காரர்களே, அவசரப்படாது மூன்று முறை பார்த்து, குளம்பையும் பல்லையும் முதுகையும் சோதித்து, குடும்பத்தாருடன் கலந்து முடிவு செய்யுங்கள். ஐயம் தோன்றுமிடத்து உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையும் மிருக வைத்திய அலுவலகத்தையும் அணுகுங்கள்.