ரிலீஸ் வாரத்திலும் தாங்குகிற உடம்பு

மதியம் 3 மணி ரிவ்யூ மீட்டிங்கில் யாருக்குக் கண் சொக்குகிறது, யார் நிமிர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்கிறார் என்பதை மேனேஜர்கள் கவனிக்கிறார்கள். அப்ரைசல் படிவத்தில் இதற்குத் தனிக் கட்டம் கிடையாது. ‘எனர்ஜி இல்லை’, ‘ஓனர்ஷிப் போதாது’ என்று வேறு பெயரில் உள்ளே வந்துவிடும். உங்கள் அளவுக்கே வேலை தெரிந்த, உங்களைப் போலவே நன்றாகப் பேசுகிற நாலைந்து பேர் அதே ப்ரொமோஷனுக்குக் காத்திருக்கிறார்கள். மாலை 6 மணிக்கும் தலை தெளிவாக இருப்பவர் அவர்களை முந்துகிறார்.

இதில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். ஜனவரி முதல் வாரத்தில், வேலை லேசாக இருக்கும்போது பிளான் போடுகிறார்கள். ஜிம்முக்கு ஒரு வருடக் கட்டணம், ஐந்தரைக்கு அலாரம், ஓட்ஸ், க்ரீன் டீ. ப்ராஜெக்ட் ரிலீஸ் வந்ததும் எல்லாம் காலி. நீங்கள் உங்கள் வருடத்தின் மிக மோசமான வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்திலும் செய்ய முடிகிறதை மட்டும் பிளானில் எழுதுங்கள். வெளியே சொல்லக் கூச்சப்படும் அளவுக்குச் சின்னதாக இருந்தாலும் சரி.

1. டீயில் ஆரம்பியுங்கள். ஒரு கப்புக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளுக்கு நாலு கப் என்றால் சுமார் 40 கிராம். சர்க்கரையை 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயை விடச் சொல்லவில்லை. மாஸ்டரிடம் ‘அரைச் சர்க்கரை’ என்று சொன்னால் போதும். இதற்கு நேரமோ பணமோ செலவில்லை.

2. மதியச் சாப்பாட்டில் வரிசையை மாற்றுங்கள். பொரியல், கூட்டு, முட்டை அல்லது சுண்டல் முதலில், சோறு பிறகு. காய்கறியும் புரதமும் முன்னால் போனால், சாப்பிட்ட பின் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. மூன்று மணித் தூக்கமும் பெரும்பாலும் குறையும். புரதக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 50 கிராம். நாலு இட்லியில் கிடைப்பது ஏறக்குறைய 8 கிராம்தான், ஒரு முட்டையில் 6. சட்னியோடு காலையை முடிக்கிறவர்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்பது அப்போது புரியும்.

3. ஃபாஸ்டிங். ஆபீஸ் பேன்ட்ரியில் இன்று அதிகம் பேசப்படுவதும், அதிகம் தப்பாகச் செய்யப்படுவதும் இதுதான். 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு 8 மணி நேரத்துக்குள் சாப்பிடுவது என்ன மாயம் செய்யும்? சீனாவின் குவாங்சோவில் உடற்பருமன் உள்ள 139 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு வருடம் கவனித்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். இரு குழுவுக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு. ஒரு குழு காலை 8 முதல் மாலை 4 வரை மட்டுமே சாப்பிட்டது. எடைக் குறைப்பில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கடிகாரம் எடையைக் குறைக்காது, குறைவாகச் சாப்பிடுவதுதான் குறைக்கும். ‘பட்டினியில் செல்கள் தங்கள் கழிவைத் தாங்களே தின்று சுத்தம் செய்யும் ஆட்டோஃபேஜிக்கு நோபலே கொடுத்திருக்கிறார்கள்’ என்று ஃபார்வர்டு வரும். 2016-இல் யோஷினோரி ஓசுமி நோபல் வாங்கினார், உண்மை. அவர் ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களை. உங்கள் டயட் பிளானை அல்ல.

ஆனாலும் ஒரு வகை ஆட்களுக்கு இது உதவும். ராத்திரி 11 மணிக்கு ஆப்பைத் திறந்து பரோட்டா ஆர்டர் செய்கிறவர்களுக்கு. ‘8 மணிக்கு மேல் கிச்சன் மூடியாச்சு’ என்ற ஒற்றை விதி, ஒவ்வொரு நாளும் மனசோடு மல்லுக்கட்டும் வேலையை மிச்சப்படுத்தும். இரவு 8 முதல் காலை 8 வரை 12 மணி நேரத்தில் தொடங்குங்கள். காலையை விட்டுவிட்டு 11 மணிக்கு இரண்டு வடை, பஜ்ஜி என்று இறங்கினால் கணக்கு நேராகிவிடும். ஏகாதசிக்குச் சோற்றை விட்டு ராத்திரி ஆறு தோசை சாப்பிடுவது நம் வீடுகளின் பழைய சாமர்த்தியம். பெருமாள் மன்னிப்பார், கலோரி மன்னிக்காது. இன்டர்வியூ நாளிலும் க்ளையன்ட் ப்ரசன்டேஷன் நாளிலும் புதிதாகப் பட்டினியைப் பரிசோதிக்காதீர்கள். இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், உணவுக் கோளாறு இருந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழுவது நிஜமான ஆபத்து.

4. வீட்டிலேயே பயிற்சி. தாத்தா காலத்துத் தண்டாலும் பஸ்கியும் போதும். 15 பஸ்கி, 8 தண்டால், 30 விநாடி ப்ளாங்க், இதை மூன்று சுற்று. பத்து நிமிடத்தில் முடியும். தரையில் தண்டால் வரவில்லையா? சுவரில் கை ஊன்றி ஆரம்பியுங்கள். குளிக்கப் போவதற்கு முன்னால் என்று நேரத்தைக் கட்டிப்போடுங்கள். குளியல் எந்த ரிலீஸிலும் நிற்பதில்லை. மோசமான வாரத்தில் ஒரு சுற்று மட்டும். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலசைவு, இரண்டு நாள் தசைப் பயிற்சி. தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020-இல் எடுத்துவிட்டார்கள். போன் காலை நடந்துகொண்டே பேசினால் அதுவும் கணக்கில் சேரும்.

லிஃப்டையும் விடுங்கள். லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற டாக்டர் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் வெளியிட்டார். அதே பஸ், அதே ரூட். நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம். சென்னை ஓஎம்ஆர் ஐடி ஆபீஸில் ஒன்பது மணி நேரம் நாற்காலியில் இருப்பவர் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

5. ‘21 நாளில் பழக்கம்’ என்று விற்பவர்களை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில் பழக்கம் ஒட்டிக்கொள்ள ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆனது. நடு அளவு 66. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு நாள் போயிற்றே என்று மொத்தத்தையும் கைவிடுகிறவர்களுக்கு இந்தத் தகவல் தேவை.

6. டீமில் பிரகடனம் வேண்டாம். பர்த்டே கேக் வரும்போது குளூட்டன் பற்றி லெக்சர் அடிப்பவரை யாருக்கும் பிடிக்காது. ஒரு சின்னத் துண்டு எடுத்துக்கொண்டு வாழ்த்திவிட்டு நகருங்கள். டீமில் யாராவது ரமலான் நோன்பு வைத்திருந்தால், கனமான மீட்டிங்கைக் காலையில் வையுங்கள். மேனேஜர் ஆக விரும்புகிறவருக்கு இதுவும் ஒரு ஸ்கில்.

7. கம்பெனி தரும் இலவச ஹெல்த் செக்கப்பை வீணாக்காதீர்கள். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று கண்டது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.7-ஐ எட்டினால் எச்சரிக்கை, 6.5 தொட்டால் டாக்டரிடம் போக வேண்டியதுதான். ரிப்போர்ட்டை மெயிலில் புதைக்காமல் போன வருட எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். செக்கப் தேதியை இந்த மாதமே வாங்குங்கள். இயர் எண்ட் நெருங்கினால் லேபுக்குப் போக யாரும் அரை நாள் லீவு தரமாட்டார்கள்.